அடக்கி வாசிக்காத ரஃபாயேல்

லினாரெஸ் என்ற ஊர்ப் பெயரைத் தமிழ் வாசகர்கள் விளையாட்டுப் பக்கத்தில் பார்த்திருப்பார்கள். விஸ்வநாதன் ஆனந்த் 1998லும், பிறகு 2007, 2008 ஆண்டுகளிலும் பட்டம் வென்ற சதுரங்கப் போட்டி அந்த ஊரின் பெயரைத் தாங்கியது. தென் ஸ்பெயினில், ஆந்தலூசியாவின் ஹாயேன் மாவட்டத்தில், ஈயச் சுரங்கங்களை நம்பி வளர்ந்த ஊர் அது. கிதார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா பிறந்தது அங்கேதான். காளைப்போர் வீரர் மனோலெத்தே 1947ல் காளை முட்டி உயிர்விட்டதும் அங்கேதான். 1943 மே 5 அன்று அதே ஊரில் ஓர் எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் மிகேல் ரஃபாயேல் மார்த்தோஸ் சாஞ்செஸ். ஸ்பானிய மொழி பேசும் உலகத்துக்கு அவர் வெறும் ரஃபாயேல்தான். அந்த ஒற்றைப் பெயரே போதும்.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் மேடையில் நிற்கிறார். அந்தக் காலம் முழுக்க அவரைப் பற்றி ஒரே குறைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது: எல்லாமே மிகை. கையசைவு மிகை, முகபாவம் மிகை, உச்சத்தில் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் மிகை, பாட்டு முடிந்ததும் கோட்டைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடப்பதும் மிகை. ஸ்பெயினின் பலகுரல் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் போலச் செய்துகாட்டிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் எந்த மிகையைப் பார்த்துச் சிரித்தார்களோ, அதுதான் அவரை இன்றுவரை நிறுத்தியிருக்கிறது. அவருடைய காலத்தில் நாகரிகமாக அடக்கி வாசித்த பலருடைய பெயர் இன்று பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களுக்கு மட்டுமே தெரியும்.

கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பிழைப்புக்காக மத்ரித்துக்குக் குடிபெயர்ந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த, பஞ்சமும் பங்கீட்டு அட்டையுமாக இருந்த தலைநகரம் அது. தேவாலயச் சிறுவர் பாடகர் குழுவில்தான் அவர் குரல் முதலில் கேட்டது. ஒன்பது வயதில் ஆஸ்திரியாவின் சால்ஸ்புர்க் நகரில் நடந்த விழாவில் ஐரோப்பாவின் சிறந்த சிறுவர் குரல் என்ற பரிசு கிடைத்தது. முதல் இசைத்தட்டை வெளியிட்ட நிறுவனம் பிலிப்ஸ். அந்தப் பெயரின் எழுத்துகளைப் பார்த்துத்தான் தன் பெயரையும் ஸ்பானிய வழக்கப்படி எழுதாமல் மாற்றி எழுதிக்கொண்டார். பதின்வயதுப் பையனுக்கு அப்போதே ஒரு கணக்கு இருந்திருக்கிறது: பெயர் வெளிநாட்டிலும் செல்ல வேண்டும்.

1962ல் பெனிதோர்ம் பாட்டுப் போட்டி. மத்தியதரைக்கடல் ஓரத்தில் இருந்த மீனவர் கிராமத்தைச் சுற்றுலாத் தலமாக மாற்றும் முயற்சியின் ஒரு பகுதியாகத் தொடங்கிய போட்டி அது. அதில் வென்றவர்களை நாடே திரும்பிப் பார்த்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, அதே மேடையில் வென்றுதான் ஹூலியோ இக்லேசியாஸும் பாட்டு வாழ்க்கையைத் தொடங்கினார். ரஃபாயேல் வென்றபோது அவருக்கு 19 வயது.

ஆனால் அவரை உண்மையில் உருவாக்கிய இரவு பெனிதோர்மில் இல்லை. 1965 நவம்பரில் மத்ரித்தின் தெயாத்ரோ தெ லா சார்சுவேலா அரங்கில் அது நடந்தது. அந்தக் காலத்து ஸ்பெயினில் மெல்லிசைப் பாடகருக்கு என்று ஒரு முழு மாலை ஒதுக்கப்படுவதில்லை. இரவு விடுதியில் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே நான்கு பாட்டு, அல்லது நகைச்சுவை நடிகர், நடனக்காரர், மந்திரவாதி எல்லோரும் வந்துபோகும் பல்சுவை நிகழ்ச்சியில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பியானோ வித்வானுக்கும் ஓபரா பாடகருக்கும் கிடைக்கும் மரியாதை மெல்லிசைக்குக் கிடையாது. சார்சுவேலா, பெயருக்கு ஏற்றபடி, ஸ்பெயினின் பாரம்பரிய இசை நாடகத்தின் கோயில். 22 வயது இளைஞர் ஒருவர் அங்கே போய், வேறு யாரையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல், ஒரு வாத்தியக் குழுவுடன் தனியாக முழுக் கச்சேரி செய்தார். கறுப்பு உடை. காட்சி அலங்காரம் ஏதும் இல்லை. பார்க்க இருந்தது அவர் ஒருவர்தான்.

அந்தத் துணிச்சலை இன்றைக்கு அளந்து பார்ப்பது கடினம். இன்று எந்தப் பாடகரும் இரண்டு மணி நேரம் தனியாகப் பாடுவார். அன்று அது அகங்காரமாகத் தெரிந்தது. ஆனால் அந்த ஓர் இரவு, ஸ்பெயினில் மெல்லிசைக் கச்சேரி என்ற வடிவத்தையே மாற்றியது. சாப்பாட்டுக்குத் துணையாக இருந்த பாட்டு, நுழைவுச்சீட்டு வாங்கி, இருக்கையில் அமர்ந்து, அமைதியாகக் கேட்க வேண்டிய ஒன்றாக ஆனது. அவருக்குப் பின்னால் வந்த அத்தனை ஸ்பானியப் பாடகர்களும் அந்த இரவுக்குக் கடன்பட்டவர்கள்.

அடுத்த ஆண்டு, ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான பாட்டுப் போட்டியான யூரோவிஷன். 1961ல்தான் ஸ்பெயின் அந்தப் போட்டிக்குள் நுழைந்தது. 1962லும் 1965லும் ஒரு புள்ளிகூட வாங்காமல் திரும்பியிருந்தது. 1966ல் லக்சம்பர்க் நகருக்கு ரஃபாயேல் 'யோ சோய் அகேல்' பாடலுடன் போனார். ஏழாவது இடம். 1967ல் வியன்னாவில் 'ஆப்லேமோஸ் தெல் அமோர்' பாடி ஆறாவது இடம். தரவரிசையைப் பார்த்தால் இது பெரிய வெற்றி இல்லை. ஆனால் 1966ன் அந்தக் கறுப்பு வெள்ளைப் பதிவைப் பார்த்தால் விஷயம் புரியும். பாட்டின் தொடக்கத்தில் குரல் ஏறக்குறைய பேச்சு. பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்வதுபோல வார்த்தைகளை விடுகிறார். கண்கள் கேமராவை விட்டு நகர்வதில்லை. வாத்தியங்கள் ஏறும்போது அவர் ஏறுவதில்லை, ஒரு கணம் தாமதிக்கிறார். பிறகு ஒரே சொல்லில் மொத்தக் குரலும் திறக்கிறது, கைகள் விரிகின்றன, மூன்று நிமிடத்தில் ஒரு நாடகம் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்காகப் பாட வேண்டியதை, அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவனுக்காகவும் சேர்த்துப் பாடினார். அன்று அவரைவிட அதிகப் புள்ளி வாங்கியவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேருடைய பாட்டை இன்று ஒரு நாடே மனப்பாடமாகப் பாடுகிறது?

அந்தப் பாடல்களை எழுதியவர் மானுவேல் அலெஹாந்த்ரோ. ஹேரெஸ் நகரைச் சேர்ந்தவர், செவ்வியல் இசையமைப்பாளரின் மகன். பிற்காலத்தில் ரோசியோ ஹுராதோவுக்கும், ஹூலியோ இக்லேசியாஸுக்கும், மெக்சிகோவின் ஹோசே ஹோசேவுக்கும் பெரும் பாடல்களைத் தந்தவர். ரஃபாயேல் தானாகப் பாட்டு எழுதிப் புகழ்பெற்றவர் அல்ல. அவருடைய முக்கியமான பாடல்களில் பெரும்பாலானவை அலெஹாந்த்ரோ தந்தவை. மற்றவை பல இடங்களிலிருந்து வந்தவை. திருமண வீடுகளிலும் ஊர்த் திருவிழாக்களிலும் ஸ்பானியர்கள் குரலெடுத்துப் பாடும் 'மி கிரான் நோச்சே', பெல்ஜியத்தில் வளர்ந்த அதாமோவின் பாட்டைத் தழுவியது. கிறிஸ்துமஸ் என்றாலே நினைவுக்கு வரும் 'எல் தம்போரிலேரோ', அமெரிக்காவில் பிரபலமான ஒரு சிறுவன் மேளப் பாட்டின் ஸ்பானிய வடிவம்.

இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. 1960களின் பிற்பகுதியிலிருந்து உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை வேர்விட்டது: தானே எழுதித் தானே பாடுபவர்தான் உண்மையான கலைஞர், பிறர் எழுதியதைப் பாடுபவர் வெறும் குரல். இந்த நம்பிக்கை தவறானது என்பதற்கு ரஃபாயேலைவிட நல்ல சான்று கிடையாது. நடிகர் நாடகத்தை எழுத வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. 'கோமோ யோ தே ஆமோ' என்ற ஒரே அலெஹாந்த்ரோ பாடலை ரோசியோ ஹுராதோவும் பாடியிருக்கிறார், ரஃபாயேலும் பாடியிருக்கிறார். ஹுராதோ பாடும்போது அது ஆந்தலூசிய மண்ணில் ஊறிய ஒரு பெண்ணின் அறைகூவல். ரஃபாயேல் பாடும்போது அதே வரிகள் ஒரு மனிதன் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே நம்பவைக்கப் பார்ப்பதுபோல ஒலிக்கின்றன. ஒரே பாட்டில் இரண்டு நாடகங்கள். அதைச் செய்வது பாடகர்தான். சொல்லுக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை, எழுதுவதற்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல.

சினிமாவும் அவரை விட்டுவைக்கவில்லை. 1966ல் 'குவாந்தோ தூ நோ எஸ்தாஸ்', 1967ல் 'அல் போனெர்சே எல் சோல்', 1968ல் 'தீகன் லோ கே தீகன்'. மூன்றையும் இயக்கியவர் மாரியோ காமுஸ், பின்னாளில் ஸ்பானிய சினிமாவின் மதிப்புமிக்க இயக்குநர்களில் ஒருவராக உயர்ந்தவர். கதைகள் சாதாரணமானவை, பாட்டுக்காக ஓடிய படங்கள். ஆனால் மூன்றாவது படத்துக்கு யாரும் எதிர்பாராத ஒரு பயணம் வாய்த்தது. அது சோவியத் யூனியனில் திரையிடப்பட்டது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினுக்கும் மாஸ்கோவுக்கும் அப்போது தூதரக உறவே கிடையாது. 1977ல்தான் அது மீண்டும் ஏற்பட்டது. அப்படியிருக்க, ஒரு ஸ்பானியப் பாடகரின் படத்துக்கு லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் மக்கள் திரண்டார்கள். 1971ல் அவர் நேரில் போய்ப் பாடினார். அவருடைய பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கிய ரஷ்யர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் பல பத்தாண்டுகள் கழித்தும் அவருடைய கச்சேரிகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

இது ஏன் நடந்தது என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. மொழி தெரியாத பார்வையாளருக்குப் பாடலின் வரிகள் போய்ச் சேராது. போய்ச் சேருவது குரலின் ஏற்ற இறக்கமும், முகமும், கையும், நிறுத்தமும்தான். மத்ரித் விமர்சகர்கள் மிகை என்று ஒதுக்கிய அத்தனையும் மாஸ்கோவில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தன. அடக்கமாகப் பாடும் ஒருவரால் அந்த எல்லையைத் தாண்டியிருக்க முடியாது.

பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பாடினார், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடினார், 1970ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றினார். மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை லத்தீன் அமெரிக்கா முழுவதும் அவருக்கு இரண்டாவது தாய்நாடு ஆயிற்று. அப்படியிருந்தும் இந்தியாவில் அவர் பெயர் பெரிதாகத் தெரியாது. ஸ்பெயினிலிருந்து வந்த பாடகர் என்றால் நம் ஊர்களில் ஹூலியோ இக்லேசியாஸ், அவருக்குப் பிறகு மகன் என்ரிக்கே. காரணம் தெளிவு. ஹூலியோ பல மொழிகளில் பதிவு செய்தார், 1980களில் ஆங்கிலத்தில் பாடி அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தார். உலக இசை பற்றி நமக்கு வரும் செய்தி பெரும்பாலும் லண்டன், நியூயார்க் வழியாக வருவது. அந்த வழியில் வராதவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். இருவரும் 1943ல் பிறந்தவர்கள், இருவரும் பெனிதோர்மில் வென்றவர்கள். ஹூலியோ காதோடு பேசினார், ரஃபாயேல் அரங்கோடு பேசினார். இதில் எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் வேண்டாம். ஆனால் ஸ்பானியர்களிடம் கேட்டால், அவர்கள் தங்கள் மேடைக் கலையின் முகமாகச் சொல்வது பெரும்பாலும் ரஃபாயேலைத்தான்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது அரசியலைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. அவர் புகழ் ஏறியது பிராங்கோவின் சர்வாதிகாரக் காலத்தில், அரசின் ஒரே தொலைக்காட்சி வழியாக. 1968ல் பாடகர் ஜோவான் மானுவேல் செர்ராத் யூரோவிஷனில் கத்தலான் மொழியில்தான் பாடுவேன் என்று நின்றார். ஆட்சி அவரை நீக்கிவிட்டு பாடகி மஸியேலை அனுப்பியது, மஸியேல் வென்று திரும்பினார். அப்படி ஒரு நிமிர்வை ரஃபாயேலிடம் எதிர்பார்த்த இடதுசாரிகள் ஏமாந்தார்கள். பிராங்கோ காலத்தின் அலங்காரப் பொருள் என்று அவரை ஒதுக்கினார்கள். 1975க்குப் பிறகு, ஜனநாயகம் மலர்ந்த முதல் ஆண்டுகளில், அந்த ஒதுக்கல் இன்னும் கூடியது. செர்ராத் காட்டிய துணிவு பெரியது, அதற்குரிய மரியாதை அவருக்கு என்றும் உண்டு. ஆனால் எல்லாப் பாடகரும் ஒரே வகையான துணிவைக் காட்ட வேண்டும் என்பதில்லை. ஆண் என்றால் இறுகிய முகமும் குறைந்த பேச்சும் என்று பழக்கப்பட்ட ஒரு சமூகத்தில், தொலைக்காட்சியில் நின்று இடுப்பை வளைத்து, விரல்களை விரித்து, கண்கலங்கிப் பாடிய ஒரு ஆணைப் பார்ப்பதே பலருக்கு விடுதலையாக இருந்தது. அலெஹாந்த்ரோ எழுதி 1981ல் வந்த 'கே சாபே நாதியே', தன் விருப்பங்களைப் பற்றி ஊருக்கு என்ன தெரியும் என்று கேட்கும் பாட்டு. தன்பாலின ஈர்ப்பாளர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர் கொடி பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய மேடை, ஒளிந்து வாழ்ந்தவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. இதையும் கணக்கில் சேர்க்காமல் அவரை அரசியல் அற்றவர் என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

கிறிஸ்துமஸ் அவருக்கே உரிய பண்டிகை ஆகிவிட்டது. 1965ல் பதிவான 'எல் தம்போரிலேரோ' இல்லாமல் ஸ்பெயினில் டிசம்பர் கழியாது. பரிசாகக் கொடுக்க எதுவும் இல்லாத ஏழைச் சிறுவன், தன் மேளத்தை வாசித்துக் காட்டும் கதை. மேளத்தின் ஓசையை அவர் வாயாலேயே, உதடுகளை இறுக்கி, மெல்ல மெல்ல உயர்த்திக் கொண்டுவருவார். பல ஆண்டுகள் தேசியத் தொலைக்காட்சியின் கிறிஸ்துமஸ் இரவு நிகழ்ச்சி அவருடையதாக இருந்திருக்கிறது. மூன்று தலைமுறை ஒரே சோபாவில் அமர்ந்து பார்க்கும் நிகழ்ச்சி என்பது எந்தக் கலைஞருக்கும் எளிதில் கிடைப்பதில்லை.

1972ல் பத்திரிகையாளர் நத்தாலியா ஃபிகெரோவாவை வெனிஸ் நகரில் மணந்தார். மூன்று பிள்ளைகள். 1980களின் தொடக்கத்தில், 5 கோடிக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் விற்றதற்காக யுரேனிய இசைத்தட்டு என்ற அரிய விருது கிடைத்தது. அதன் பிறகு ஒரு மந்தமான காலம். அந்தப் பத்தாண்டின் பதிவுகளில் பலவற்றை இன்று கேட்கும்போது சலிப்புத் தட்டுகிறது. மின்னணு வாத்தியங்களின் தட்டையான சத்தத்தில் அவர் குரலின் ஏற்ற இறக்கம் காணாமல் போகிறது. 1992ல் கியூபாவில் பிறந்த வில்லி சிரினோவின் 'எஸ்காந்தலோ' அவரை மறுபடி நடனக் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. 2000ல் 'ஜெக்கில் அண்ட் ஹைட்' இசை நாடகத்தின் ஸ்பானிய மேடையேற்றத்தில் நாயகனாக நடித்தார். ஒரே உடலில் இரண்டு மனிதர்களைக் காட்ட வேண்டிய வேடம். அவருக்கென்றே எழுதியதுபோல இருந்தது.

அடுத்து வந்தது மரணத்தின் வாசல். ஹெப்படைட்டிஸ் பி கல்லீரலை அரித்திருந்தது. ஊர் ஊராகச் சுற்றும் பாடகர், கச்சேரி முடிந்து அறைக்குத் திரும்பியதும் தூக்கம் வருவதற்காக ஓட்டல் குளிர்பெட்டியிலிருந்து சின்னச் சின்ன மதுப்புட்டிகளைக் குடித்துவந்ததையும் அது தன் உடலைக் கெடுத்ததையும் அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 2003 ஏப்ரல் 1 அன்று மத்ரித்தின் தோசே தெ ஒக்தூப்ரே அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பெயர் தெரியாத ஒருவருடைய உறுப்பு. உறுப்பு தானத்தில் ஸ்பெயின் பல பத்தாண்டுகளாக உலகின் முன்னணி நாடு. அந்த ஏற்பாட்டின் பலன், வரிசையில் காத்திருந்த பலரைப் போல, அவருக்கும் கிடைத்தது. அதே ஆண்டே மேடைக்குத் திரும்பினார். திரும்பிய இடம் சார்சுவேலா. பிறகு 'கியேரோ விவீர்' என்ற நூலில் அந்த நோயைப் பற்றி எழுதினார், உறுப்பு தானத்துக்காக ஊர் ஊராகப் பேசினார். 59 வயதில் இப்படி ஒரு சிகிச்சைக்குப் பிறகு பாடகர் ஒருவர் ஓய்வெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடியிருக்கிறார். அவருடைய மிகச் சுவையான காலம் அதற்குப் பிறகுதான் என்றுகூடச் சொல்லலாம்.

2014 ஆகஸ்டில் நடந்தது அதற்குச் சாட்சி. புர்கோஸ் மாவட்டத்தின் அராந்தா தெ துவேரோ என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் சோனோராமா விழா நடக்கிறது. பெரிய நிறுவனங்களின் நிழலில் வளராத இளம் ராக் குழுக்களின் விழா. வருபவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். அந்த மேடைக்கு 71 வயது ரஃபாயேலை அழைத்தபோது பலர் அதை வேடிக்கை என்று நினைத்தார்கள். அவர் கறுப்பு உடையில் வந்து, எதையும் குறைத்துக்கொள்ளாமல், தன் பாட்டுகளைத் தன் பாணியிலேயே பாடினார். கூடியிருந்த கூட்டம் வரிக்கு வரி சேர்ந்து பாடியது. கேலி பேச வந்தவர்களுக்கு அம்மாவும் பாட்டியும் பாடிய பாட்டுகள் தங்களுக்குள்ளேயே இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பின் இளம் தலைமுறை அவரிடம் பாட்டுகளுடன் வந்தது. 2016ல் வந்த 'இன்ஃபினீத்தோஸ் பைலேஸ்' தொகுப்புக்கு என்ரிக்கே புன்புரி, இவான் ஃபெர்ரெய்ரோ, ரோசலேன் உள்ளிட்டோர் புதிதாக எழுதிக்கொடுத்தார்கள். ஸ்பானிய ராக் இசையின் பெரிய பெயரான புன்புரியின் மேடை நடையில் ரஃபாயேலின் சாயலை யாரும் கண்டுகொள்ளலாம். இயக்குநர் ஆலெக்ஸ் தெ லா இக்லேசியா 2010ல் எடுத்த 'பலாதா திரிஸ்தே தெ திரோம்பேத்தா', ரஃபாயேல் பாடிய பாட்டின் பெயரையே தலைப்பாக வைத்துக்கொண்டது. 2015ல் அதே இயக்குநரின் 'மி கிரான் நோச்சே' படத்தில், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ரஃபாயேல் மறுபடி நடித்தார். ஏற்றது கர்வமும் கொடுமையும் நிறைந்த ஒரு பழைய நட்சத்திரத்தின் வேடம். பார்ப்பவர்கள் தன்னைத்தான் நினைப்பார்கள் என்று தெரிந்தும் அந்த வேடத்தைத் துணிந்து ஏற்றார், அதிலும் அவர் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை.

எல்லா முடிவும் சரியாக இருந்ததில்லை. 2020 டிசம்பரில், கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, மத்ரித்தின் உள்ளரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அவர் நடத்திய கச்சேரி கடும் கண்டனத்துக்கு ஆளானது. அன்றைய விதிகளுக்கு உட்பட்டே நடந்தது என்றாலும், மருத்துவமனைகள் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் காட்சி பலரைப் புண்படுத்தியது. அந்தக் கோபம் நியாயமானது. மேடையில்லாமல் இருக்க முடியாத மனிதரின் பிடிவாதம் அன்று அவரைத் தவறான இடத்தில் நிறுத்தியது.

2024 டிசம்பரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் பதிவின்போது அவர் உடல்நிலை குலைந்தது. மூளையில் நிணநீர்ப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அப்போது வயது 81. சில மாதச் சிகிச்சைக்குப் பிறகு 2025ல் மறுபடி மேடையேறினார். அதே ஆண்டு லத்தீன் கிராமி அமைப்பு அவரை ஆண்டின் சிறந்த மனிதராகத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது.

இன்றைய குரல் 1966ன் குரல் இல்லை. உச்சங்கள் குறைந்துவிட்டன, சில இடங்களில் மூச்சு முன்னதாகவே வாங்குகிறது. ஆனால் அறுபது ஆண்டு நாடகப் பயிற்சி இங்கேதான் கைகொடுக்கிறது. நீட்ட முடியாத சுரத்தை வெட்டி நிறுத்துகிறார், அந்த நிறுத்தமே அர்த்தமாகிறது. குரல் எட்டாத இடத்தை விரல் நுனி எட்டுகிறது. சமீப ஆண்டுகளின் கச்சேரிகளில் அவர் செய்த ஒன்று மனதைவிட்டு அகலாதது: மேடையில் ஒரு பழைய வானொலிப் பெட்டி, அதிலிருந்து 1935ல் இறந்துபோன தாங்கோ மேதை கார்லோஸ் கார்தெலின் கரகரப்பான குரல், அதனுடன் ரஃபாயேல் சேர்ந்து பாடுகிறார். பெட்டியை நோக்கிக் குனிந்து, மூத்தவர் முடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு தன் வரியை எடுக்கிறார். அறுபது ஆண்டு நட்சத்திரம் இன்னொருவருக்கு இடம்விட்டு நிற்கும் அந்தச் சில நொடிகளில், அவர் தொழிலை எவ்வளவு மதிக்கிறார் என்பது தெரியும்.

லினாரெஸில் 2011 முதல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. உடைகளும் விருதுகளும் சுவரொட்டிகளும் நிறைந்தது. ஸ்பெயின் போகிறவர்கள் பார்க்கலாம். போக முடியாதவர்களுக்கு இணையம் போதும். 1966 யூரோவிஷன் பதிவை முதலில் பாருங்கள், பிறகு அதே பாடலை எழுபது வயதுக்கு மேல் அவர் பாடிய ஏதாவது ஒரு கச்சேரிப் பதிவைப் பாருங்கள். ஸ்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேறு வேலை பார்த்தபடி மட்டும் கேட்காதீர்கள். ரஃபாயேலைக் கண்ணால் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.